கக்கூஸ் கதவில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி

கையால் ஆகாதவர்களில் இரண்டு வகை உண்டு. தங்களால் ஆகாது என்று தெரிந்து சும்மா இருப்பவர்கள் முதல் வகை. அவர்களால் நாட்டுக்கு ஒரு தீங்கும் இல்லை. அது தெரியாமல் சுத்தியலைத் தூக்குகிறவர்கள் இரண்டாம் வகை. அந்த வகைக்கு ஒரு சங்கம் இருந்தால் நான்தான் ஆயுட்காலத் தலைவர். என் வாழ்நாளில் நான் செய்து முடித்த மரவேலை ஒன்றே ஒன்றுதான். அது ஒரு கிற்றாருக்கான ஸ்பீக்கர் பெட்டி. அதற்குப் பிறகு சுவரில் கலண்டர் மாட்டக்கூட வீட்டார் என்னை விட்டதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். சாவகச்சேரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். போரால் யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் கரண்ட் இல்லாமல் போய் நெடுநாளாகியிருந்தது. பற்றறி, பெற்றோல், சீமெந்து எதுவும் வராது. மண்ணெண்ணெய் மருந்துபோல அளந்து கிடைக்கும். ஒவ்வொரு வீட்டு வளவிலும் பனங்குற்றி அடுக்கி மண் மூடிய ஒரு பங்கர் இருந்தது. பள்ளிக்கூடத்தில் மக்கன் என்று பெயரெடுத்தவன்கூட ஒரு பாடத்தில் கெட்டிக்காரனாக இருந்தான். வானத்தில் கேட்கும் சத்தத்தை வைத்தே வருவது ஹெலியா, பொம்பரா, சகடையா என்று சொல்லிவிடுவான். சகடை என்பது சாமான் ஏற்றும் பழைய விமானம். ஓர் அவசரமும் இல்லாமல் 'ஊம்... ஊம்...' என்று அடிவயிற்றால் முனகிக்கொண்டு வரும். தலைக்கு மேலே சுற்றிச் சுற்றி நின்று, பீப்பாயில் அடைத்த குண்டை உருட்டிவிடும். அந்த முனகல் கேட்டால் வாயில் வைத்த சோற்றை விழுங்காமலே சனம் பங்கருக்குள் இறங்கிவிடும்.

(அந்த 'ஊம்' என்பதைத் தயவுசெய்து கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள். நான் வைத்திருக்கவில்லை.)

இப்படிப்பட்ட காலத்தில் ஒரு மனிதனுக்கு மின்சாரக் கிற்றார் வாசிக்க ஆசை வரலாமா? எனக்கு வந்தது. குருநகரில் அன்ரன் என்று எனக்கொரு சிநேகிதன் இருந்தான். தங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் கிற்றார் வாசிப்பவன். அவன்தான் தன் பழைய மரக் கிற்றாரை எனக்குத் தந்தான். உடைந்த தொலைபேசி ஒன்றின் காதுக்குழலுக்குள் இருந்த காந்தத்தையும் சுருளையும் எடுத்து அதன் வயிற்றில் ஒட்டி, அதை மின்சாரக் கிற்றார் ஆக்கியவனும் அவனே. செத்துக் கிடந்த ஓர் அம்பிளிபயரையும் உயிர்ப்பித்துத் தந்தான். கொழும்புத்துறையில் முன்பு லவுட்ஸ்பீக்கர் வாடகைக்கு விட்ட ஒருவரிடம் கிழிந்துபோன பெரிய ஸ்பீக்கர் ஒன்று கிடைத்தது. கிழிசலுக்குப் பள்ளிக்கூடக் கொப்பித் தாளும் விளாம்பிசினும் போட்டு நானே ஒட்டினேன். இனிக் குறை, பெட்டி மட்டும்தான்.

"பெட்டி இல்லாட்டி ஸ்பீக்கர் பாடாது மச்சான். பெட்டிதான் அதுக்கு நெஞ்சு," என்றான் அன்ரன்.

அதே மாதத்தில் அக்காவுக்குக் கலியாணம் சரிவந்தது. இதை நீங்கள் சாதாரணமாக வாசித்துவிட்டுப் போகக்கூடாது. அக்காவுக்கு எட்டில் செவ்வாய். அவளுடைய சாதகம் குடாநாட்டில் போகாத ஊர் இல்லை. ஒவ்வொரு முறை அது திரும்பி வரும்போதும் அம்மா குசினிக்குள் போய் அடுப்பை ஊதத் தொடங்கிவிடுவார். அக்கா முப்பதைத் தாண்டிய பிறகு, கடைசியில் வலிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குப் பொருந்தியது. ஒரே பிள்ளை. தகப்பன் இளைப்பாறிய ஸ்டேஷன் மாஸ்டர். ரயில் ஓடாமல் போன பிறகும் மணிக்கூட்டைப் பார்ப்பதை விடாதவர். தாய்க்கு எல்லாம் சாத்திரம். அவர்கள்தான் எனக்கு மாமாவும் மாமியும் ஆனார்கள். சம்பந்தம் பேச வந்த அன்று தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டே மாமி மிக மெல்லிய குரலில் சொன்னார்.

"சாத்திரியார் எங்கடை பிள்ளைக்கு ஒரே ஒரு முகூர்த்தம்தான் எடுத்தவர். அந்த நேரத்துக்குள்ளை தாலி ஏறோணும். தப்பினால் நாங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போயிடுவம். பிறகு எங்களைக் குறை சொல்லக்கூடாது."

அன்றிலிருந்து அம்மாவுக்கு நித்திரை இல்லை. எனக்கு நல்ல நித்திரை. எனக்கிருந்த ஒரே கவலை பெட்டிக்குப் பலகை எங்கே எடுப்பது என்பதுதான். ஏனென்றால் மாப்பிள்ளை மணவறைக்கு வரும்போது நான் கிற்றார் வாசிப்பதாக அறிவித்திருந்தேன். (என்னை ஒருவரும் கேட்கவில்லை.) அக்கா நல்லவள், மறுக்கவில்லை.

"சரி, வாசி. ஆனால் ஐயர் மந்திரம் சொல்லத் துடங்கினால் வாயையும் கையையும் பொத்திக்கொண்டு இருக்கோணும்."

அந்த நாளில் பலகை கிடைப்பது பொன் கிடைப்பதுபோல. இருந்த மரமெல்லாம் பங்கருக்கும் சவப்பெட்டிக்கும் போய்க்கொண்டிருந்தது. வளவு முழுவதும் தேடினேன். முற்றின வேம்பில் செய்த நல்ல தடித்த பலகை ஒரே இடத்தில்தான் இருந்தது. எங்கள் கக்கூஸின் கதவு. அப்பா சந்தைக்குப் போன நேரம் பார்த்து அதைக் கழற்றி அரிந்துவிட்டேன். அப்பா திரும்பி வந்தார், பின்பக்கம் போனார், போன வேகத்திலேயே திரும்பினார்.

"டேய், கக்கூஸ் கதவு எங்கை?"

"அது... நெஞ்சாய் மாறுது, அப்பா."

அப்பா அடிக்கிற ஆள் இல்லை. அப்படியே மரக்குற்றியில் இருந்துவிட்டார். "கலியாணத்துக்கு ஊரெல்லாம் வரப்போகுது. வாற சனத்துக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?" என்று என்னைக் கேட்காமல், அரிந்து கிடந்த பலகையைப் பார்த்துக் கேட்டார். பிறகு எழுந்து போய்க் கக்கூஸ் வாசலில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டார். அடுத்த வாரம் சம்பந்தி வீட்டார் வந்தபோது மாமா ஒருமுறை அங்கே போகவேண்டி வந்தது. உள்ளே ஆள் இருக்கிறது என்று காட்டுவதற்காக, போனதிலிருந்து வெளியே வரும்வரை இருமிக்கொண்டே இருந்தார். "உங்களுக்கு எப்பவிலை இருந்து இந்த இருமல்?" என்று மாமி கவலையோடு கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். அதுதான் எங்கள் முதல் அறிமுகம்.

பெட்டி செய்யும் முறையை ஒரு பழைய சஞ்சிகையில் கண்டுபிடித்திருந்தேன். அதில் பாதிப் பக்கம்தான் மிச்சமிருந்தது. ஸ்பீக்கருக்குக் கீழே ஓர் ஓட்டை வைத்தால் அடிக்குரல் நன்றாக எழும்பும் என்று அந்தப் பாதி சொல்லியது. எவ்வளவு பெரிய ஓட்டை என்பது கிழிந்துபோன மற்றப் பாதியில் இருந்திருக்க வேண்டும். நானே ஊகித்து, ஒரு சின்னப் பூசணிக்காய் உள்ளே போகக்கூடிய அளவில் வெட்டினேன். உட்புறத்தில் பஞ்சு வைக்கச் சொல்லியிருந்தது. அப்பாவின் தலையணையைப் பிரித்தேன். (காலையில் அப்பா கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வயது போகிறது என்று நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.) பெட்டி ஒரு பக்கம் சரிந்து நின்றது. அடியில் செங்கல் துண்டு வைத்து நிமிர்த்தினேன். பின்பக்கத்தில் கதவின் கொண்டி கழற்ற வராமல் அப்படியே தொங்கியது.

மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டால் தண்ணீர் மெசினை ஓட்டி முழுச் சத்தத்தில் பரீட்சித்துப் பார்க்க வழியில்லை. அன்ரன் ஒரு பழைய கார் பற்றறியில் கொஞ்ச நேரம், அதுவும் மெல்லிய சத்தத்தில் போட்டுக் காட்டினான். போகும்போது ஒன்று சொன்னான்.

"கிற்றாரைப் பெட்டிக்குக் கிட்டக் கொண்டு போகாதை. பெட்டியின்ரை சத்தத்தைக் கிற்றார் கேக்கும், கிற்றாரின்ரை சத்தத்தைப் பெட்டி கேக்கும். பிறகு ரெண்டும் ஆளையாள் விடாது. நீ வாசிக்காமலே கத்திக்கொண்டு நிக்கும்."

"ஓம், ஓம்," என்றேன். என் மூளையில் காதுக்கும் ஓம் என்று சொல்லும் வாய்க்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

கலியாண நாள் வந்தது. முற்றத்தில் பந்தல். கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் மெசினில் ஒரு டைனமோவைப் பொருத்தி, அங்கிருந்து வயர் இழுத்து அம்பிளிபயருக்குக் கொடுத்திருந்தேன். மெசின் சத்தம் ஊருக்குப் பழக்கமானது என்பதால் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை தலைப்பாகையோடு மணவறைக்கு வந்தபோது எனக்குத் தெரிந்த ஒரே மெட்டை வாசித்தேன். அதுவும் பாதிதான் தெரியும், ஆகவே இரண்டு தரம். நாதஸ்வரக்காரர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். அக்கா கூறைச்சேலை உடுத்து வந்து உட்கார்ந்தாள். ஐயர் மந்திரத்தைத் தொடங்கினார். நான் சொன்ன சொல் தவறாமல் வாயையும் கையையும் பொத்திக்கொண்டேன். அந்த நேரம் அப்பா கூப்பிட்டார்.

"டேய், வந்த சனம் இருக்கக் கதிரை காணாது. பக்கத்து வீட்டிலை நாலைஞ்சு தூக்கிக்கொண்டு வா."

அம்பிளிபயரை நிறுத்தாமல், சத்தத்தைக்கூடக் குறைக்காமல், கிற்றாரைப் பெட்டியிலேயே சாய்த்து வைத்துவிட்டுப் போனேன்.

தகரக் கதிரைகளைத் தலையில் அடுக்கிக்கொண்டு வாசல் படலையைத் தாண்டி வருகிறேன், சத்தம் கேட்டது. ஊம்... ஊம்... மெசினுக்கு ஊற்றிய எண்ணெய் கலப்படம். அது இளைத்தும் எழும்பியும் ஓட, சத்தமும் தூரப் போவதுபோலவும் கிட்ட வருவதுபோலவும் இருந்தது. நான் ஒட்டிய கொப்பித் தாள் வேறு உள்ளே விசிறிபோல அடித்தது. என் காதும் யாழ்ப்பாணத்துக் காதுதானே. "சகடை வருது, ஓடுங்கோ" என்று முதன்முதலில் கத்தியவன் நான்தான்.

பந்தல் ஒரு நிமிடத்தில் வெறுமையானது. சனம் அயல் வளவுப் பங்கர்களுக்கெல்லாம் சிதறி ஓடியது. ஐயர் பொறுப்பான மனிதர். தாலித் தட்டைத் தூக்கிக்கொண்டுதான் ஓடினார். மாப்பிள்ளையின் தலைப்பாகை பங்கர் வாசலில் பனங்குற்றியில் மாட்டிக்கொண்டது. தவில்காரர் அவரைப் பின்னால் நின்று தள்ளி இறக்கினார். அக்கா, மாமி, அம்மா, அப்பா, கடைசியாக நான். ஒரு கதிரை இன்னும் என் கையிலேயே இருந்தது. மாமா மட்டும் வரவில்லை. அவருக்கு முழங்கால் வாதம். "என்னாலை உதுக்குள்ளை இறங்க ஏலாது. போட்டால் போடட்டும்," என்று சொல்லிவிட்டுப் பந்தலில் தனியாக இருந்துவிட்டார்.

உள்ளே ஒரு ஜாம் போத்தல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எல்லோரும் தெய்வங்களைக் கூப்பிட்டோம். வழக்கமாகச் சகடை சில சுற்றுச் சுற்றிவிட்டு எதையாவது போட்டுத் தொலைத்துவிட்டுப் போகும். இது அசையவே இல்லை. தலைக்கு நேர் மேலே நின்று முனகியது.

"இதென்ன இழவு பிடிச்ச சகடை. போடவும் மாட்டனெண்ணுது, போகவும் மாட்டனெண்ணுது," என்றார் தவில்காரர்.

"நேரம் போகுது," என்றார் மாமி. அதே மெல்லிய குரல். அம்மா சத்தமில்லாமல் அழத் தொடங்கினார். அப்பா வெளியே போய்ப் பார்க்க எழுந்தார், அம்மா அவருடைய வேட்டியைப் பிடித்து இருத்தினார். அக்கா கூறைச்சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. இத்தனை வருடம் காத்திருந்து கிடைத்த ஒரு முகூர்த்தம், மண்ணுக்குள் இருக்கும்போதே கையை விட்டுப் போகிறது. மாமி தன் பேச்சிலிருந்து பின்வாங்கும் ஆள் இல்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். விமானம் ஓட்டுகிறவனை நான் மனதாரச் சபித்தேன். அவனுக்குக் கை அழுகவேண்டும் என்றுகூட நினைத்தேன்.

மாமி திடீரென்று ஐயரின் பக்கம் திரும்பினார். "ஐயர், உங்களிட்டைத் தாலி இருக்குத்தானே. இஞ்சையே கட்டுவம்."

"அக்கினி வேணுமே அம்மா."

மாமி ஜாம் போத்தல் விளக்கைக் காட்டினார். ஐயர் சிறிது யோசித்தார், மேலே கேட்ட சத்தத்தையும் கவனித்தார், விளக்கை நடுவில் வைத்து மந்திரத்தைத் தொடங்கினார். தவில் வெளியே கிடந்தது. கெட்டிமேளத்துக்கு என்ன செய்வது என்று தவில்காரர் சுற்றிப் பார்த்து, என் கையிலிருந்த தகரக் கதிரையைப் பறித்தார். அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அந்தக் கதிரையைக் கீழே போடாமல் கொண்டுவந்ததுதான். கதிரை முழங்க, மாப்பிள்ளை குனிந்தபடியே அக்காவுக்குத் தாலி கட்டினார். தூவி வாழ்த்த அறுகரிசி இல்லை. கூரையிலிருந்து மண் உதிர்ந்து எல்லோர் தலையிலும் விழுந்தது. அம்மா விம்மினார். நானும் அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் அறுத்ததுபோல நின்றது. விமானம் போனால் சத்தம் மெல்ல மெல்லத் தேயும், இப்படி நிற்காது. அதை யோசிக்கும் நிலையில் ஒருவரும் இல்லை. மேலே ஏறி வந்தோம். அயல் பங்கர்களிலிருந்தும் சனம் மண்ணைத் தட்டிக்கொண்டு வந்தது. மணவறைக்குப் பக்கத்தில் என் பெட்டிக்கு முன்னால் மாமா ஒரு கதிரையில் இருந்தார். மடியில் கிற்றார்.

"சம்பந்தி, சகடை போட்டிட்டுதோ?" என்று அப்பா கேட்டார்.

"இல்லை. போகவுமில்லை. இஞ்சைதான் நிக்குது," என்றார் மாமா. கிற்றாரை எடுத்துப் பெட்டியில் சாய்த்தார்.

ஊம்... ஊம்...

பாதிச் சனம் மறுபடி பங்கருக்கு ஓடியது. (நானும் ஓடினேன். ஓடிப் பாதி வழியில்தான் எனக்கு விளங்கியது.)

மாமா கிற்றாரைத் திரும்ப மடியில் எடுத்தார். "வானத்தைப் பாத்தன், ஒண்டுமில்லை. சத்தம் கீழையிருந்துதான் வருகுது. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தன், ஒருத்தருக்கும் கேக்கேல்லை. உந்தப் பெட்டியடிக்கு வந்துசேர முழங்கால் விடேல்லை, சுணங்கிப் போனன்," என்றார். பிறகு கைமணிக்கூட்டைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "பறவாயில்லை, முகூர்த்தம் இன்னும் கொஞ்சம் கிடக்கு. பிள்ளையளை மணவறையிலை இருத்துங்கோ. கெதியாய்."

ஒருவரும் அசையவில்லை. மாமிதான் சொன்னார்.

"கட்டியாச்சுதப்பா. உள்ளுக்கையே கட்டியாச்சு."

மாமா அக்காவின் கழுத்தைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். ஒரே மகன். அவனுடைய தாலிகட்டு நடந்த நேரத்தில் தகப்பன் ஒரு கக்கூஸ் கதவை நோக்கி நொண்டி நொண்டி நடந்துகொண்டிருந்திருக்கிறார். யாரோ ஒருவர் இன்னொரு தரம் கட்டிக் காட்டலாமே என்றார். "கட்டின தாலியை அவிழ்க்கிறதோ? வாயைக் கழுவுங்கோ," என்று மாமி சீறினார். மாமா கிற்றாரை என்னிடம் நீட்டினார். அவர் என்னை ஏசியிருக்கலாம். ஓர் அறை விட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். மெதுவாக எழுந்து, மகனின் தோளில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். என் வெட்கத்துக்கு அன்றைக்கு அந்தப் பங்கர் ஆழம் போதவில்லை.

அப்பா மறுநாளே பெட்டியை உடைத்து, பலகைகளைச் சேர்த்து அடித்துத் திரும்பக் கதவாக்கினார். ஆனால் நடுவில் ஸ்பீக்கர் ஓட்டையும் கீழே பூசணிக்காய் ஓட்டையும் இருந்தபடியால் சாக்கைக் கழற்ற முடியவில்லை. போரில் ஊரே இடம்பெயர்ந்து போகும்வரை எங்கள் வீட்டில் கதவும் இருந்தது, சாக்கும் இருந்தது.

கலியாணத்தைப் படம் எடுக்க வந்த படப்பிடிப்பாளர் அன்று வேறொரு பங்கருக்குள் இருந்தார். அவரிடம் இருந்தது கொஞ்சப் பிலிம். வெளியே வந்ததும் பதற்றத்தில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துவிட்டார். வெறும் பந்தல், என் பெட்டி, மடியில் கிற்றாரோடு மாமா. அந்தச் சுருளில் உருப்படியாக விழுந்தது அதுதான். பிற்காலத்தில் எல்லோரும் கனடா வந்து சேர்ந்த பிறகு, அக்கா வீட்டு வரவேற்பறையில் கலியாணப் படம் என்று அதைத்தான் மாட்டியிருந்தார்கள். வருகிறவர்கள் பார்த்துவிட்டு, பொம்பிளை மாப்பிள்ளை எங்கே என்று கேட்பார்கள். "அவை கீழை இருக்கினம்," என்பார் அத்தான். பிறகு முழுக் கதையையும் முதலிலிருந்து சொல்வார். நான் அங்கே இருந்தால் என்னை எழுப்பிக் காட்டியும் சொல்வார். அக்காவின் பிள்ளைகளுக்கு எனக்குப் பெயர் இருப்பதே தெரியாது. சகடை மாமா, அவ்வளவுதான்.

சில வருடங்களுக்கு முன் அக்காவின் மகளுக்கு ரொறன்ரோவில் கலியாணம். அதற்கு முதல்நாள் அக்கா ரெலிபோன் எடுத்தாள். "வெறுங்கையோடை வா. காருக்குள்ளையும் ஒண்டும் இருக்கக்கூடாது," என்றாள். போனேன். வாசலில் அத்தான் என் காற்சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார். மாமாவைச் சக்கர நாற்காலியில் மணவறைக்கு முன்னாலேயே இருத்தியிருந்தார்கள். நன்றாக முதுமை தட்டிவிட்டது. பாதிப் பேரை அடையாளம் தெரியாது. நான் பின்வரிசை ஒன்றில் ஒதுங்கப் பார்த்தேன். கண்டுவிட்டார். விரலை மடக்கிக் கூப்பிட்டார்.

"இஞ்சை வா. என்ரை பக்கத்திலை இரு."

இருந்தேன். உடனே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்த வயதில் அப்படி ஒரு பிடி எப்படி வந்ததோ தெரியாது. ஐயர் மந்திரம் சொன்னார், கூறை கொடுத்தார்கள், தட்டில் தாலி சபைக்கு வந்து போனது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, பிடியைத் தளர்த்தவுமில்லை. கெட்டிமேளம் முழங்கியது. எல்லோரும் எழுந்து அறுகரிசி போட்டார்கள். என் கை அவரிடம் இருந்ததால் என்னால் போட முடியவில்லை.

"மாமா, கட்டியாச்சு," என்று குனிந்து சொன்னேன்.

"ஓம்," என்றார். கண் கலங்கியிருந்தது. "பாத்தனான்."

கையை மட்டும் சாப்பாடு வரும்வரை விடவில்லை.